அந்த ஒரு வரியை எழுதவிடாதே

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ ஃபோனை வைத்த பிறகு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அம்மா வந்து, "என்னங்க சொல்றான்?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கானாம்" என்று சொல்லிவிட்டேன். எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, மீட்டரையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு பேசுகிறவனிடம் எதையும் நிதானமாகச் சொல்ல முடிவதில்லை. நான் சொல்ல நினைத்ததற்கு மூன்று நிமிஷம் போதாது. அதனால் எழுதுகிறேன். பெங்களூர் போன பிறகு நான் உனக்கு எழுதுகிற முதல் நீளமான கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். பொறுமையாகப் படி.

சுமதியும் பாப்பா தாரணியும் ஆர்.எஸ்.புரத்தில் அவள் அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவளோடு இனி வாழ முடியாது என்று நீ முடிவு செய்துவிட்டாய். பாப்பா மட்டும் உன்னிடம் வந்துவிட வேண்டும் என்கிறாய். மனு தயாராகிவிட்டது, மாதக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். அந்த மனுவில் ஒரு வரியைப் படித்தும் காட்டினாய். சுமதி மனநிலை சரியில்லாதவள், குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று. தாரணி பிறந்த சமயத்தில் அவள் சாப்பிட்ட மாத்திரைக்கான டாக்டர் சீட்டு உன்னிடம் இருக்கிறதாம். "அதை வெச்சா ஜெயிச்சிரலாம்னு வக்கீல் சொல்றாருங்கப்பா. நான் எழுதச் சொல்லலீங்க. அவரே எழுதீட்டாரு" என்றாய்.

இதே பேச்சை இன்னொருவர் வாயிலிருந்து நான் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது வழக்கே உன்னைப் பற்றித்தான். உனக்கு ஏழு வயது. வழக்கு நடந்தது உனக்குத் தெரியும், முழுக்கதை தெரியாது. அம்மா அதைப் பேச விரும்பமாட்டாள், நானும் விட்டுவிட்டேன். இப்போது நீ அதே வாசலில் போய் நிற்கும்போது சொல்லாமல் இருப்பது சரியாகப் படவில்லை.

உன்னைப் பெற்ற சோமனூர் அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அவர் கெட்ட மனுஷர் இல்லை. தறிக்கூடம் புதிதாகப் போட்டிருந்தார். அந்தக் கவலையெல்லாம் வீட்டுக்குள் கோபமாக வந்தது. சாப்பாட்டுத் தட்டு பறக்கும். ஒரு நாள் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு பீளமேட்டில் அவள் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தக் காலத்துச் சட்டம் இன்றைய மாதிரி இல்லை. இரண்டு பேரும் சம்மதித்தாலும் நேராக விவாகரத்து வாங்க முடியாது. முதலில் பிரிந்து வாழ ஓர் உத்தரவு, அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சேராமல் இருந்தால்தான் விவாகரத்து, அது கிடைத்த பிறகும் ஒரு வருஷம் போகாமல் மறுமணம் செய்ய முடியாது. அம்மா அத்தனையும் காத்திருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். நான் அப்போது பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேன். அடுத்த தெருவில் குடியிருந்தேன். காத்திருப்பெல்லாம் முடிந்த பிறகுதான் பெரியவர்கள் மூலமாகப் பேச்சு வந்தது. மருதமலையில் பத்துப் பேரை வைத்துக் கல்யாணம் செய்துகொண்டோம். நீ என் மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாய். என்னை மாமா என்று கூப்பிட்டாய்.

கல்யாணமான நாலைந்து மாதத்தில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பையனைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சோமனூர் அப்பா மனுப் போட்டிருந்தார். அதில் மூன்று விஷயம் இருந்தது. இந்துச் சட்டப்படி மைனர் பையனுக்கு அப்பாதான் இயற்கைக் காப்பாளர். பையனுக்கு ஐந்து வயது தாண்டிவிட்டது, இனி அம்மாவிடம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தாய் வேறு கல்யாணம் செய்துகொண்டு அந்நியன் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த மூன்றோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு தகப்பனின் மனு; படித்துவிட்டு வருத்தப்பட்டிருப்போம், அவ்வளவுதான். நாலாவதாக ஒரு வரி இருந்தது. தாய் ஒழுக்கம் கெட்டவள், விவாகரத்துக்கு முன்பே இந்த ஆளோடு தொடர்பு வைத்திருந்தாள் என்று. உன் அம்மா வாசற்படியில் நின்றே அதைப் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உனக்குச் சோறு ஊட்டப் போனாள்.

எனக்குச் சட்டம் ஒன்றும் தெரியாது. அப்பாதான் காப்பாளர் என்று சட்டமே சொன்னால் நீ போய்விடுவாய் என்றே பயந்தேன். நம் வக்கீல் வயதானவர். அவர்தான் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "காப்பாளர்ங்கறது ஒண்ணு, பையன் யார்கிட்ட வளர்றான்ங்கறது வேற ஒண்ணுங்க. சட்டத்துல அப்பா பேரு முன்னால இருக்குதுதான். ஆனா ஜட்ஜு கேக்கறது வேற கேள்வி. இந்தப் பையன் எங்க இருந்தா நல்லா இருப்பான்? அதுக்கு முன்னால அப்பா உரிமையும் நிக்காது, அம்மா உரிமையும் நிக்காது." மறுமணம் செய்தது ஒன்றே ஒரு தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கப் போதாது என்றும் சொன்னார். ஆனால் அவள் வீட்டில் நீ எப்படி வளர்கிறாய் என்பதைக் கோர்ட்டு பார்க்கும், அதனால் நானும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்றார்.

ஏறினேன். எதிர்த் தரப்பு வக்கீல் கேட்டார், "இந்தப் பையனுக்கு நீங்க என்ன உறவு?"

"மாமான்னு கூப்பிடறானுங்க."

"கூப்பிடறது இருக்கட்டும். சட்டப்படி என்ன உறவு?"

"சட்டப்படி ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாதவர் ஊட்டுல அவன் எதுக்கு வளரணும்?"

"அவங்கம்மா அங்கதானுங்களே இருக்கறாங்க" என்றேன். ஜட்ஜு எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார். அன்றைக்கே அந்த நாலாவது வரியையும் அவர்கள் வக்கீல் சத்தமாகப் படித்தார். உன் தாய்மாமன் உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்ல வந்திருந்த அம்மா பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் உட்கார்ந்திருந்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஆதாரம் என்ன என்று ஜட்ஜு கேட்டார். ஒன்றும் இல்லை. இருக்க முடியாது. கேள்வி அதோடு முடிந்தது, ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது விழுந்ததுதான்.

அப்புறம் ஜட்ஜு உன்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்களை யாரையும் உள்ளே விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் நின்றோம், உன் அம்மா, சோமனூர் அப்பா, நான். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மூவரும் கதவைத்தான் பார்த்தோம். நீ வெளியே வந்தபோது உன் கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது. அவர் கொடுத்தாராம். உள்ளே என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நம் வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏழு வயதுப் பிள்ளையை அப்பாவா அம்மாவா என்று வீட்டில் வைத்துக் கேட்பது அதை இரண்டாகக் கிழிக்கிற காரியம் என்றார். இன்றுவரை நான் கேட்டதில்லை. தாரணியிடம் நீ ஃபோனில், "அப்பாகிட்ட வர்றியா, அம்மாகிட்ட இருக்கியா?" என்று கேட்டாயாமே. இனிமேல் கேட்காதே கண்ணு.

தீர்ப்பு வந்தது. நீ அம்மாவிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவிடம், முழுப் பரீட்சை லீவில் பாதியும் அப்பாவிடம். இது முடிந்த முடிவு இல்லை, சூழ்நிலை மாறினால் யார் வேண்டுமானாலும் மறுபடி கோர்ட்டுக்கு வரலாம் என்றும் சொன்னார்கள். உன் அம்மா அவரை நேரில் பார்க்க முடியாது என்றாள். அதனால் ஞாயிறுதோறும் உன்னைக் கூட்டிப்போய் ஒப்படைக்கிற வேலை என்னுடையது ஆனது.

முதல் ஞாயிறு பஸ் நிலையத்தில் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. உன் அப்பா எதிரே நின்றார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் முறுக்கு. உன்னைத் தூக்க இரண்டு தடவை கையை நீட்டி, இரண்டு தடவையும் எடுத்துக்கொண்டார். கோர்ட்டில் அத்தனை பேசிய மனுஷர், என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "அழுகறானுங்களே. என்னங்க பண்றது?" எனக்கு அந்த இடத்தில் அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. "வாங்க, மூணு பேரும் சேர்ந்தே போலாம்" என்றேன். அன்று முழுக்க நான் அவர் தறிக்கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்குள் நீ தறிச் சத்தத்துக்குப் பழகி, அவர் பக்கத்தில் நின்று அறுந்த நூலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அடுத்தடுத்த வாரங்களில் நான் டீ குடிக்கிற நேரம்வரை மட்டும் இருந்துவிட்டு வந்தேன். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. உன்னைத் தத்து எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். அதற்கு அவர் உன்னைக் கொடுக்க வேண்டும். நான் அவரிடம் கேட்கவில்லை. உன் இனிஷியல் அவருடையதாகவே இருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவராகவே சொன்னார்: "அந்த மனுவுல உங்க ஊட்டுக்காரம்மாவப் பத்தி ஒண்ணு எழுதியிருந்துச்சுங்களே. அது நான் சொன்னதில்லீங்க. வக்கீல் எழுதுனாரு. கேஸு பலமா இருக்கும்னாரு. நான் கையெழுத்துப் போட்டுப்போட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

உனக்குப் பத்து வயதில் டைஃபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, நினைவிருக்கிறதா? உனக்கு ஜுரத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். வார்டுக்கு வெளியே ஒரே பெஞ்சில் ஒரு முனையில் அவர், மறுமுனையில் உன் அம்மா. இரண்டு பேருக்கும் ஒரே பயம். அவர், "ஜுரம் இறங்குச்சுங்களா?" என்று என்னிடம் கேட்பார். அவளும் என்னிடம்தான் பதில் சொல்வாள். உன் பத்தாவது பரீட்சை, காலேஜ் சேர்த்தது, கல்யாணம், எல்லாவற்றிலும் அப்படித்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் தவறியபோது, நீ கொள்ளி வைக்கப் போனாய், நான் கூட வந்தேன், அம்மா வரவில்லை. கிளம்பும்போது என்னிடம் சொன்னாள், "தட்டு வீசுனது, திட்டுனது எல்லாம் எனக்கு மறந்துபோச்சுங்க. அந்த ஒரு வரி மட்டும் போகமாட்டேங்குது."

கண்ணு, இப்போது சுமதியைப் பற்றி. பாப்பா பிறந்த பிறகு அவள் தூக்கமில்லாமல், காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அவளை டாக்டரிடம் கூட்டிப்போனது நீதான். பிரசவமான பெண்களுக்கு இது வருகிறதுதான், சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாக நீயே எனக்கு ஃபோன் செய்தாய். ஆறேழு மாதத்தில் சரியாகவும் போயிற்று. ஒரு புருஷன் செய்ய வேண்டியதைச் செய்தாய் என்று அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் சீட்டைத்தான் இப்போது அவளுக்கு எதிராகக் கோர்ட்டில் வைக்கப் போகிறாய்.

இன்று மத்தியானம் நான் நம் பழைய வக்கீலின் ஜூனியரைப் போய்ப் பார்த்தேன். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நீ பெங்களூரில் இருந்தாலும் குழந்தை எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில்தான் வழக்கு நடக்கும். கோயமுத்தூரில் குடும்ப வழக்குகளுக்கென்று தனிக் கோர்ட்டே இருக்கிறது, அங்கே முதலில் உங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசத்தான் பார்ப்பார்கள். ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கும். தாரணிக்கு நாலு. ஐந்து முடிந்தால் தானாக உன்னிடம் வந்துவிடுவாள் என்று நினைக்காதே. அப்போதும் குழந்தையின் நலன் என்ன என்றுதான் பார்ப்பார்கள். சுமதி வீட்டை விட்டு வந்ததால் தாய் என்ற இடத்தை இழந்துவிடவில்லை. மாத்திரைச் சீட்டை வைத்தால் டாக்டரைக் கூப்பிடுவார்கள், அவளைக் கூண்டில் நிறுத்துவார்கள், இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த வரியால் நீ ஜெயிக்கவும் மாட்டாய். அவள் அதை மறக்கவும் மாட்டாள்.

இன்னொரு வழியும் சொன்னார். பிரியத்தான் வேண்டும் என்று இரண்டு பேரும் உறுதியாக இருந்தால், ஒரு வருஷம் பிரிந்திருந்த பிறகு சேர்ந்தே மனுப் போடலாம். அதற்குப் பின் ஆறு மாதம் யோசிக்க விடுவார்கள். மனசு மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பாப்பா யாரிடம் இருக்க வேண்டும், நீ எந்தெந்த நாள் பார்க்கலாம், லீவில் எங்கே, எந்தப் பள்ளிக்கூடம் என்பதையெல்லாம் நீங்களே பேசி அதில் எழுதிக்கொள்ளலாம். பாப்பா செலவுக்கு நீ கொடுப்பது சுமதிக்குச் செய்கிற உபகாரம் இல்லை, மகளுக்குச் செய்ய வேண்டிய கடமை என்பதை மட்டும் மறந்துவிடாதே. பிரிவதா சேர்வதா என்பதில் நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அது உங்கள் இருவருக்குள் இருப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அதில் பாதிகூடத் தெரியாது. வக்கீல் மாற்ற வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த வரியை அடித்துவிடச் சொல் என்றுதான் சொல்கிறேன். உன் பெயரில் போகிற மனு. நீ சொன்னால் அவர் அடித்துத்தான் ஆக வேண்டும்.

இன்று காலை ஆர்.எஸ்.புரம் போய்விட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் பேத்தியைப் பார்க்க எனக்கும் ஆசை இருக்கிறது. உன் மாமனார் உள்ளேயிருந்து வரவில்லை. சுமதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"உட்காரு அம்மிணி" என்றேன்.

"கேஸ் போடறாருங்களா மாமா?"

"யோசிச்சிட்டு இருக்கான்."

அவள் காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "பாப்பாவப் பாக்கக் கூடாதுன்னு நான் ஒருநாளும் சொன்னதில்லீங்க மாமா. அவருதான் வரலை. வந்தா எங்கப்பா ஏதாச்சும் பேசீருவாருன்னு நெனைச்சிருப்பாரு. ஞாயித்துக்கெழமை வரச் சொல்லுங்க. நான் பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தி, ரெடி பண்ணி வெச்சிருக்கறேன். சாயங்காலம் கொண்டுவந்து உட்டாப் போதும்" என்றாள். இதைச் சொல்ல அவள் எவ்வளவு மல்லுக்கட்டியிருப்பாள் என்று அவள் கையைப் பார்த்தாலே தெரிந்தது. சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வா. காலையில் குளித்துவிட்டு நம் வீட்டிலிருந்தே போகலாம், நான் கூட வருகிறேன். சுமதி வாசல்வரைதான் வருவாள், அதற்கு மேல் எதிர்பார்க்காதே. அவளிடம் வழக்கைப் பற்றி எதுவும் பேசாதே. பாப்பா சாப்பிட்டாளா என்று மட்டும் கேள். பாப்பா உன்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு வராதே. இரண்டு மாதம் அந்த வயதுக்கு ரொம்ப நாள். அம்மா பின்னால் ஒளிந்துகொள்வாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடனே தூக்கப் போகாதே. அவள் உயரத்துக்கு நீ கீழே உட்கார்ந்துகொள். ஒன்றும் பேச வேண்டாம். கொஞ்ச நேரம் ஆகும். அவளாக வருவாள்.

அப்பா